பருவம் சொல்லாத தந்தி

சகாத்தா
ஏப்ரல் 18, 2004

கயோகோ அக்காவுக்கு,

இங்க செர்ரி இப்பதான் வாயைத் திறக்குது. ஆத்துல இருந்த அன்னமெல்லாம் போன மாசமே வடக்க கிளம்பிடுச்சு. போதுமா? பருவம் சொல்லியாச்சு. "பருவம் சொல்லாம கடுதாசி ஆரம்பிக்கிறது, செருப்புக் காலோட அடுத்தவங்க வீட்டுக்குள்ள நுழையற மாதிரி"ன்னு அம்மா சொன்னதை நீதான் இன்னும் விடாமப் பிடிச்சிட்டிருக்கே. எனக்கு ரெண்டு வரிக்கு மேல வராது. நீ சௌக்கியமா? அத்தான் சௌக்கியமா?

நான் வேலை மாறிட்டேன். கமோமே கலாசார மன்றத்துல நிகழ்ச்சிப் பொறுப்பாளர். பேரைக் கேட்டு மிரளாதே. மூடிப்போன ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒண்ணை வாங்கி, லாபம் பாக்காம ஊர் ஜனங்களுக்காக நடத்துறாங்க. மண்பாண்டம், கூட்டுப்பாட்டு, அப்புறம் காமிஷிபாய். அட்டையில படம் வரைஞ்சு, ஒண்ணொண்ணா உருவி உருவிக் கதை சொல்லுவாங்களே, அதேதான். யார் சொல்லித் தர்றது, யார் வர்றது, நாற்காலி யார் போடறது, சாவி யார்கிட்ட, எல்லாம் என் தலையில. சம்பளம் கேக்காதே, சிரிப்பே.

மன்றத் தலைவர் ஒதாகிரி ஐயா. வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு ஒரே ஒரு விதிதான் சொன்னார். "பெயரட்டையில சிவப்பு நூல் கட்டியிருந்தா அவங்க முகத்தைப் படம் எடுக்கக்கூடாது. ஏன்னு கேக்கவும் கூடாது." அவ்வளவுதான்.

சனிக்கிழமை காமிஷிபாய் வகுப்புல ஹயாசேன்னு ஒரு அம்மா இருக்காங்க. சிவப்பு நூல் கட்டினவங்க. ஆறு வயசுப் பொண்ணைக் கூட்டிட்டு வருவாங்க. பேச்சே கிடையாது. ஆனா அட்டையைக் கையில எடுத்துட்டா, அப்பா! பேயா உறுமுறாங்க, கிழவனா இருமுறாங்க. குழந்தைங்க மூச்சுவிட மறந்துடுதுங்க. அக்டோபர்ல பெரிய கதைவிழா வைக்கப்போறேன். நீ கட்டாயம் வரணும். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துல நீ ஒரே ஒரு தடவைதான் இந்தப் பக்கம் வந்திருக்கே, அதுவும் அம்மா சாவுக்கு.

உடம்பைப் பாத்துக்கோ. 
சிகுசா


ஒகயாமா
மே 9, 2004

அன்புள்ள சிகுசாவுக்கு,

எதிர் வீட்டில் குழந்தைகள் நாளுக்குப் பறக்கவிட்ட கெண்டைமீன் வடிவக் கொடிகளின் நிழல் காலை முழுவதும் எங்கள் திரைச்சீலையின் மேல் நீந்துகிறது. நீ நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. நாங்கள் இருவரும் நலம்.

உன் புதிய வேலைக்கு வாழ்த்துகள். உன் அத்தானும் வாழ்த்தினார். உன் கடிதங்களை முதலில் பிரித்துப் படிப்பவர் அவர்தான். படித்துவிட்டு எனக்குக் கொடுப்பார். என் கடிதங்களை அஞ்சலில் சேர்ப்பவரும் அவரே. பள்ளியில் துணைத் தலைமையாசிரியர் ஆனபின் அவருக்கு வேலை அதிகம். வீட்டில் தொலைபேசி மணி அடிப்பது அவருக்குப் பிடிக்காது. அதனால் நீ எழுதுவதே நல்லது.

என்னைப் பார்க்க வருபவர் பக்கத்து வீட்டு முராகி அம்மா மட்டுமே. வீடு வீடாகச் சுற்றிவரும், தெருச் செய்திகள் ஒட்டிய சுற்றுப்பலகையைக் கொண்டுவருவார். படித்ததற்கு அடையாளமாக எங்கள் வீட்டு முத்திரையை வைத்து மதிலுக்கு மேலாக அவரிடமே திருப்பிக் கொடுப்பேன்; அடுத்த வீட்டுக்கு அவர் எடுத்துச் செல்வார். சென்ற வாரம் அவர் எனக்காக ஸ்ட்ராபெர்ரிப் பழங்கள் வாங்கி வந்தார். ஒரு பெட்டி நிறைய. அவர் என்றால் உன் அத்தான்.

அக்டோபரில் வருவது கடினம். உன் விழா நன்றாக நடக்கட்டும்.

கயோகோ


சகாத்தா
ஜூலை 3, 2004

அக்காவுக்கு,

மழை, மழை, மழை. மன்றத்துல பாய் எல்லாம் பூஞ்சை பிடிச்சு நாறுது. அத்தான், முதல்ல படிக்கிறது நீங்கதானாமே! அப்ப உங்களுக்குத்தான் முதல் வணக்கம். எங்க அக்காவைக் கொஞ்சம் வெளியூர் விடுங்க, பூட்டி வச்சு ஊறுகாயா போடப் போறீங்க?

எங்க மன்றத்து நோட்டீஸ் அச்சாகி வந்துடுச்சு. ஒண்ணு இதோட வச்சிருக்கேன். முன்பக்கப் படம் நான் எடுத்தது. ஹயாசே அம்மா கை. முகம் தெரியலை பார், ரெண்டு கையும் கதை அட்டையைப் பிடிச்சிருக்கிறது மட்டும்தான். சிவப்பு நூல் விதியைக் காப்பாத்தியாச்சு, படமும் அமைஞ்சுது. "சரியா?"ன்னு ஒதாகிரி ஐயாகிட்ட கேட்டேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "முகம் இல்லை"ன்னார். ஹயாசே அம்மாகிட்டயும் கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "கைதானே"ன்னாங்க.

எண்ணூறு பிரதி அடிச்சு நாடு பூரா இருக்கிற மன்றங்களுக்கு அனுப்பிட்டோம். அவங்க நோட்டீஸ் எங்க வாசல் தட்டுல, எங்களது அவங்க தட்டுல. அதுதான் இந்தத் தொழில்ல வழக்கம். யார் கண்ணுல எங்க படுமோ!

ஹயாசே அம்மாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். எப்பவும் வாசலைப் பாத்துத்தான் உக்காருவாங்க. முன்வாசல் வழியா வரமாட்டாங்க, சைக்கிள் கொட்டகை வழியாத்தான். கூச்சம்னா அப்படி ஒரு கூச்சம். படிவத்துல விலாசம் எழுதற இடம் காலி. நானும் கேக்கலை, விதி விதிதானே.

படம் எப்படின்னு எழுது. 
சிகுசா


ஒகயாமா
ஜூலை 7, 2004

சிகுசாவுக்கு,

வெட்டுக்கிளி போல இரையும் சிள்வண்டுச் சத்தம் தொடங்கிவிட்டது. மரம் எதுவென்று தெரியவில்லை. நலம்.

நோட்டீஸ் கிடைத்தது. அந்தப் படத்தை எடுத்துவிடு. கை அழகாக இல்லை. மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது, பார்க்க நன்றாக இல்லை. அனுப்பியவற்றையும் திருப்பி வாங்கிவிடு. எல்லாவற்றையும்.

வெண்பீச் பழங்கள் வந்திருக்கின்றன. எங்களால் சாப்பிட்டு மாளவில்லை.

கயோகோ


சகாத்தா
ஆகஸ்ட் 24, 2004

அக்கா,

வெயில் இன்னும் குறையலை. சாயங்காலம் கடல்காத்து மட்டும் கொஞ்சம் இரக்கப்படுது.

ஒன்றரை மாசமா நான் ஏன் எழுதலைன்னு நினைச்சிருப்பே. கோவம். சொல்லிடறேன். கை அழகா இல்லையாம்! நீ எப்பலேர்ந்து இவ்வளவு பெரிய கலை விமரிசகர் ஆனே? தழும்பு இருந்தா என்ன? உழைக்கிற கை அப்படித்தான் இருக்கும். துணை ஹெட்மாஸ்டர் வீட்டம்மாவுக்குத் தழும்பு பிடிக்கலைன்னா நான் எண்ணூறு நோட்டீஸைத் திருப்பி வாங்கணுமா? அதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி நான் சோறு தின்னலை.

இப்ப ஆறிப்போச்சு, ஏன்னா நான் ஜெயிச்சுட்டேன். கேளு. நேத்து ஒருத்தர் மன்றத்துக்கு வந்தார். நல்ல உடுப்பு, மெதுவான பேச்சு, கையில பீச் பழப் பெட்டி. அகித்தாவுல ஏதோ மன்றத்துத் தட்டுல நம்ம நோட்டீஸைப் பாத்தாராம். "இந்தப் படம் என் மனசைத் தொட்டுடுச்சு"ன்னார். அந்த மணிக்கட்டை விரலால தடவிக் காட்டினார். "இவங்க கதை சொல்றதைக் கேக்கணும்னு ஆசை. எந்தக் கிழமை?"

"சனிக்கிழமை பத்து மணி, தவறாம வாங்க"ன்னேன். கையெடுத்துக் கும்பிடாத குறைதான் அவர். பாத்தியா? அழகில்லாத கைதான் அகித்தாவுலேர்ந்து ஒரு மனுஷனைக் கூட்டிட்டு வந்திருக்கு. வர்ற சனிக்கிழமை வரார். ஹயாசே அம்மாகிட்ட சொல்லலை, திடீர்னு பாத்து சந்தோஷப்படட்டும்.

கோவம் இல்லாத தங்கை,
சிகுசா


தந்தி
ஒகயாமா — சகாத்தா (தொலைபேசி வழியாகக் கொடுத்தது)
ஆகஸ்ட் 27, 2004, பிற்பகல் 4.10

அந்த ஆள் அவள் கணவன். வகுப்பை நிறுத்து. அவளை மறை. எனக்குப் பதில் எழுதாதே. கயோகோ


சகாத்தா
ஆகஸ்ட் 30, 2004

அக்கா, என் அக்கா,

புயல் வருதுன்னு ரேடியோவுல சொல்றாங்க. இங்க எனக்குள்ள ஏற்கெனவே அடிச்சு ஓய்ஞ்சுடுச்சு.

பதில் எழுதாதேன்னு தந்தியில இருந்துச்சு. தந்தியில வார்த்தைக்குக் காசு, அதனால சுருக்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டேன். எப்படி எழுதாம இருப்பேன்? அத்தானும் படிக்கட்டும், பொண்டாட்டி எப்பேர்ப்பட்ட காரியம் பண்ணியிருக்கான்னு பெருமைப்படட்டும்.

உன் தந்தியை ரெண்டு தடவை படிச்சேன். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வர்ற தந்தி, இதுக்கு எதுக்கு? பருவம் இல்லை, சௌக்கியம் இல்லை. நீயா எழுதினது? அப்பதான் பயம் பிடிச்சுது. ஒதாகிரி ஐயாகிட்ட தந்தியைக் காட்டிட்டு, வகுப்புல எல்லாருக்கும் போன் போட்டு வராதீங்கன்னேன். ஹயாசே அம்மாவுக்கு மட்டும் நம்பர் கிடையாது. சனிக்கிழமை எட்டு மணிக்கே போய் சைக்கிள் கொட்டகையில நின்னேன்.

அந்த ஆள் ஒன்பதுக்கே வந்துட்டான். வகுப்பறையில முதல் வரிசையில, மடியில பழப்பெட்டியோட உக்காந்திருந்தான். ஒதாகிரி ஐயாவுக்குப் பாம்புக்காது, அன்னிக்கு மட்டும் டமாரச் செவிடாயிட்டார்.

"வகுப்பு எத்தனை மணிக்குங்க?"

"மணியா? எங்க பள்ளிக்கூட மணியை அப்பவே வித்துட்டாங்க தம்பி. வருகைப் புத்தகத்துல கையெழுத்துப் போடுங்க. டீ குடிங்க. அடடா, பேனா எழுதலையே."

ஹயாசே அம்மா பொண்ணோட கொட்டகைக்குள்ள வந்ததும் ரெண்டு பேரையும் சூளை அறைக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்தினேன். கதவு இடுக்கு வழியா அவங்களுக்கு அந்தப் பெட்டி தெரிஞ்சுது. ஆள் முகம்கூட தெரியலை அக்கா, பெட்டிதான். அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. பேயா உறுமின வாய்லேர்ந்து சத்தமே வரலை. அந்த ஆறு வயசுக் குழந்தை தன் கையால அம்மா வாயைப் பொத்துச்சு. யாரும் சொல்லலை. பழக்கம் போல இருக்கு.

அப்புறம் காதோட சொன்னாங்க. "அடிச்ச மறுநாள் பழம் வாங்கிட்டு வருவாரு. எப்பவும். பழம் தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருப்பாரு." மணிக்கட்டுத் தழும்பு இஸ்திரிப் பெட்டி வச்சதாம்.

மண் மூட்டை ஏத்துற வண்டியில, மூட்டைக்கு நடுவுல வச்சு அனுப்பினோம். எந்த ஊருன்னு எனக்கே தெரியாது, தெரியவும் வேண்டாம்னுட்டார் ஐயா. அந்த ஆள் பன்னெண்டு மணி வரைக்கும் இருந்தான். போகும்போது என்னைப் பாத்துச் சிரிச்சு, "அடுத்த சனிக்கிழமை வரேன்"னான். பெட்டியை எங்க மேஜை மேலயே வச்சுட்டுப் போனான்.

நோட்டீஸைத் திருப்பி வாங்க ஆரம்பிச்சிட்டேன். எண்ணூறுல இதுவரைக்கும் நாற்பது. முகத்தை மறைச்சா ஆளை மறைச்சாச்சுன்னு நினைச்சேனே, என்ன பொறுப்பாளர் நான்!

நீ முன்னாடியே சொன்னே. நான் உன்னைத் திட்டினேன். வெறும் கையைப் பாத்து உனக்கு எப்படித் தெரிஞ்சுது அக்கா?

சிகுசா


ஒகயாமா
செப்டம்பர் 12, 2004

மதிப்பிற்குரிய சிகுசா அவர்களுக்கு,

இன்று அதிகாலை ஆற்றங்கரையில் நடந்து சென்றபோது, நாணல் முதல் பூவைக் காட்டியிருந்தது. தங்கள் பகுதியிலும் காற்றில் குளிர்ச்சி கூடியிருக்கும் என நம்புகிறேன்.

கயோகோ குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது கையில் அடிபட்டுள்ளது. எனவே அவளுக்குப் பதிலாக நான் எழுதுகிறேன். கவலைப்படும்படி ஒன்றுமில்லை. மருத்துவர் ஓய்வு போதும் என்றார்.

தங்கள் கடிதத்தைப் படித்தேன். பாராட்டத்தக்க பணி. ஒரு தந்தி அனுப்பப்பட்டதாகத் தாங்கள் எழுதியிருப்பதன் மூலமே அதை நான் அறிந்தேன். அவள் என்னிடம் சொல்ல மறந்திருக்கிறாள். இப்போதெல்லாம் அவளுக்கு மறதியும், தேவையற்ற கற்பனைகளும் மிகுதி. அயலார் குடும்ப விஷயங்கள் அவள் மனதைக் கலக்குகின்றன. ஆகவே சிறிது காலம் கடிதங்களைக் குறைத்துக்கொள்வது அவள் உடல்நலத்துக்கு நல்லது என்று கருதுகிறேன். தாங்களும் புரிந்துகொள்வீர்கள்.

இந்த ஊர் திராட்சை ஒரு பெட்டி தனியே அனுப்பியுள்ளேன். கயோகோவுக்கும் வாங்கித் தந்தேன்.

தங்கள்,
இகாவா நொரிஹிரோ


(சுற்றுப்பலகையின் உறைக்குள்)
அக்டோபர் 4, 2004

அக்கா,

இது அத்தான் கைக்குப் போகாது. முராகி அம்மா உன் கையிலதான் குடுப்பாங்க. படிச்சதும் கிழிச்சு அடுப்புல போட்டுடு.

திராட்சைப் பெட்டி வந்த அன்னிக்கு அதைத் திறக்கக்கூட முடியலை என்னால. வாசல்லயே விட்டுட்டேன். உன் பழைய கடுதாசி எல்லாத்தையும் பரப்பி வச்சு உக்காந்தேன். ஸ்ட்ராபெர்ரி. வெண்பீச். போன வருஷம் பேரிக்காய், சீமைப்பனிச்சைப் பழம். அப்புறம் இன்னொண்ணு பாத்தேன். திரைச்சீலையில கொடி நிழல். மரம் தெரியாத சிள்வண்டுச் சத்தம். போன குளிர்காலம் கூரையிலேர்ந்து சொட்டற தண்ணி. அதுக்கு முன்னாடி சமையல் ஜன்னல்ல மஞ்சள் வெளிச்சம். மூணு வருஷக் கடுதாசியில ஒரு பருவத்துல கூட நீ வாசல்படி தாண்டலை அக்கா. எனக்கு ஏன் முன்னாடியே தெரியலை? நான்தான் உன் பருவத்தைப் படிக்காமத் தாண்டித் தாண்டிப் போயிட்டிருந்தேனே.

போன மாசம் இருபத்தஞ்சாம் தேதி நான் ஒகயாமா வந்தேன். உன் வீட்டு வாசல்ல நின்னேன். அத்தான் கதவைத் திறந்து, பத்து நிமிஷம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினார். "தூங்கறா. எழுப்ப வேண்டாமே"ன்னார். அவர் தலைக்கு மேல மாடி ஜன்னல் திரை அசைஞ்சுது. செருப்பு விடற இடத்தைப் பாத்தேன். எல்லாம் ஆம்பளைச் செருப்பு. உன்னோடது ஒரு ஜோடி கூட இல்லை. "நல்லாப் பாத்துக்குங்க அத்தான்"னு சொல்லிக் குனிஞ்சு வணங்கிட்டு வந்தேன். முதுகு காட்டி நடந்து வந்தேனே, அதை நினைச்சா எனக்கு இன்னும் உடம்பு கூசுது. சத்தம் போட்டா நான் போனப்புறம் உன்னைத்தானே அடிப்பார்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அத்தான் பேரைச் சொன்னதும், "அவங்களே வந்து சொல்லட்டும்"னாங்க. வேற என்ன பண்றதுன்னு தெரியாம உங்க பேட்டை மன்றத்துக்குப் போனேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் அதுதானே. என்னை மாதிரியே ஒரு பொண்ணு அங்க பொறுப்பாளர். வாசல் தட்டுல நம்ம நோட்டீஸ், அந்தக் கை. அதைக் காட்டி எல்லாத்தையும் சொன்னேன். அவ ஒரே வார்த்தைதான் கேட்டா. "உங்க அக்கா வீட்டுக்கு யாராவது வர்றது உண்டா?" சுற்றுப்பலகைன்னேன். அதைத் தயார் பண்றது அவதானாம்; முராகி அம்மாகிட்ட பேசினதும் அவதான்.

இதோட ஒரு சிவப்பு நூல் இருக்கு. நீ கிளம்பணும்னு நினைக்கிற அன்னிக்கு, பலகையைத் திருப்பிக் குடுக்கும்போது அதுல கட்டிக் குடு. ஏன்னு முராகி அம்மா கேக்க மாட்டாங்க. மீதியை அவங்க பாத்துப்பாங்க. வீட்டை விட்டு வந்த பொம்பளைங்களைத் தங்க வைக்கிற இடம் ஒதாகிரி ஐயாவுக்குத் தெரியும்.

அவசரப்படுத்தலை. ஆனா எனக்குப் பயமா இருக்கு. ஒரு தடவை என் கடுதாசியாலதான் நீ கீழ விழுந்தே. வழுக்கி இல்லை.

கிழிச்சுடு. 
சி.


ஒகயாமா
டிசம்பர் 6, 2004

சிகுசாவுக்கு,

வெயில் இப்போது மூன்றாவது பாய் வரை வருகிறது. கை குணமாகிவிட்டது. நாங்கள் நலம். உன் கதைவிழா முடிந்திருக்கும்.

நீ வந்துபோனதாக உன் அத்தான் சொன்னார். உறங்கிக்கொண்டிருந்ததால் பார்க்க முடியவில்லை. புத்தாண்டுக்கும் வர வேண்டாம். வாழ்த்து அட்டை போதும் என்று அவர் நினைக்கிறார். நானும் அப்படியே நினைக்கிறேன்.

இந்த மாதத்திலிருந்து சுற்றுப்பலகை எங்கள் வீட்டுக்கு வராது. நேராக அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடும்படி அவர் சொல்லிவிட்டார். எனக்கும் வேலை குறைந்தது.

குளிர் அதிகமாக இருக்கும். கழுத்தை மூடிக்கொள்.

கயோகோ


நீகாத்தா ஸ்டேஷன்
ஜனவரி 21, 2005

சிகுசா,

இதைத் தபால்ல போடலை. உன் கையில குடுக்கப் போறேன். நேர்ல பேச ஆரம்பிச்சா அழுகை முட்டும், எழுதினா கொஞ்சம் தாங்கும். கடல்காத்து பலமா இருக்காம், உங்க ஊர் ரயிலை நிறுத்தி வச்சிருக்காங்க. மூணு மணி நேரமா பெஞ்சுல உக்காந்திருக்கேன். வாசலைப் பாத்துத்தான் உக்காந்திருக்கேன். கதவு திறக்கும்போதெல்லாம் எழுதறதை நிறுத்திட்டுப் பாக்கறேன். கறுப்புக் கோட்டு போட்டவங்க எல்லாரும் அவரா தெரியறாங்க.

நீ குடுத்த நூலை அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்தேன். ரெண்டு தடவை எடுத்தேன். ரெண்டு தடவையும் திரும்ப உள்ள போட்டுட்டேன். எங்க போறது, என்ன சாப்பிடறது, ஊர் என்ன சொல்லும், எல்லாத்துக்கும் மேல அவர் உன்னைத் தேடி வந்தா? அப்புறம் பலகையும் நின்னு போச்சு. அவ்வளவுதான், என் விதி முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

இன்னிக்குக் காலையில அவர் பள்ளிக்கூடம் கிளம்பறதுக்கு முன்னாடி ஸ்ட்ராபெர்ரிப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜை மேல வச்சார். எனக்கு ஒண்ணும் புரியலை. நேத்து அடிக்கலை. முந்தாநாளும் அடிக்கலை. "சாயங்காலம் பேசுவோம்"னு சொல்லிட்டுச் செருப்பை மாட்டினார். அப்பதான் புரிஞ்சுது. பழத்தை முன்னாடியே வாங்கிட்டார்.

அரிசிப் பானைக்குள்ள கையை விட்டேன். நூல் இருக்கு, கட்டறதுக்குப் பலகை எங்க? அப்பதான் மணி அடிச்சுது. முராகி அம்மா. தெருவே கேக்கற குரல்ல, "உங்க வீட்டு முத்திரை இல்லாம அடுத்த வீட்டுல வாங்க மாட்டேங்கறாங்க இகாவா அம்மா! பனிப் பாதுகாப்பு நோட்டீஸ், எல்லா வீட்டு முத்திரையும் வேணுமாம். துணை ஹெட்மாஸ்டர் வீடே வைக்கலைன்னா எப்படி?"ன்னு ஒரே கூச்சல். பலகையை என் கையில திணிச்சாங்க. நான் முத்திரையைத் தேடலை. நூலைக் கட்டினேன். முடிச்சு விழலை. அவங்கதான் விரலை வச்சு அழுத்திப் பிடிச்சாங்க.

அவங்க பையிலேர்ந்து ஒரு ஜோடி பூட்ஸை எடுத்து வாசல்ல வச்சாங்க. மூணு மாசமா பலகையோட அதையும் தூக்கிட்டே சுத்தினாங்களாம். என் செருப்பெல்லாம் அவர் காருக்குள்ள வச்சுப் பூட்டிட்டுப் போவார்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அவங்கதான் ஸ்டேஷன் வரைக்கும் வந்து டிக்கெட் எடுத்து ரயில் ஏத்திவிட்டாங்க. மூணு வருஷமா மதிலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்துட்டிருந்திருக்காங்க. நான்தான் யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சு, ஒழுங்கா முத்திரை வச்சுக் குடுத்துட்டிருந்தேன்.

இப்ப மணி அஞ்சரை. அவர் வீட்டுக்கு வந்திருப்பார். பழத்தை நான் தொடலை, அப்படியே இருக்கும்.

எனக்குத் தெரியும், முதல்ல உன்னைத் தேடித்தான் வருவார். பெட்டியோட வருவார், சிரிப்பார். நீ சிரிக்காதே. என்னை உன் வீட்டுல வைக்காதே. அந்த அம்மாவையும் குழந்தையையும் அனுப்பின இடத்துக்கே அனுப்பு. எங்கன்னு நீ தெரிஞ்சுக்க வேண்டாம். என்னிக்காவது உங்க மன்றத்துக்கு வந்தா எனக்கும் ஒரு பெயரட்டை குடு. நூல் கட்டிக் குடு. கையைக் கூடப் படம் எடுக்காதே.

ரயில் விடறாங்கன்னு இப்ப சொல்றாங்க. பாரு, பருவம் சொல்லாம ஆரம்பிச்சுட்டேன். அம்மா இருந்தா திட்டியிருப்பா. இங்க பனி பெய்யுது. பூட்ஸ் எனக்கு ரெண்டு அளவு பெருசு, பிளாட்பாரத்துல நடக்கும்போது உள்ள பனி புகுந்துடுச்சு. காலுறை நனைஞ்சு ரெண்டு காலும் விறைச்சுப் போயிருக்கு.

கயோகோ